சல்லிக்காசு செலவில்லாமல் சிலந்தியின் கண்

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பொருள்களைக் கொண்டே, சல்லிக்காசு செலவில்லாமல் மேக்ரோ படம் எடுத்துவிடலாம் என்னும் கூற்று இந்த வாரமும் ஒரு முறை அச்சேறியிருப்பதாலும், அதனை எழுதியவர் அந்தப் பொருள்கள் யாருடைய வீட்டில், யாருடைய அலமாரியில், யாருடைய அனுமதியோடு கிடக்கின்றன என்பதற்கு எந்த விளக்கமும் தராமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டதாலும், இப்பொருள் குறித்து முறையான ஆய்வு ஒன்று தேவைப்படுகிறது. அக்கூற்றைப் படித்த கையோடு எழுதப்படுவதால் நடையில் ஆங்காங்கே சூடு தென்படலாம்; அதனை ஆய்வின் குறையாகக் கொள்ளாமல், ஆய்வாளரின் உடல்நிலையாகக் கொள்ள வேண்டும். சிக்கனமாக மேக்ரோ எடுப்பதற்கென்று வழங்கிவரும் மூன்று வழிகளுள் எது உண்மையிலேயே மிகக் குறைந்த செலவில் முடியும் என்பதை ரூபாய்க் கணக்கில் நிறுவுவதே இதன் நோக்கம். அக்கணக்கு இறுதியில் தரப்படும்.

மேக்ரோ என்பது, ஒரு பொருள் எவ்வளவு பெரிதோ அதே அளவில் அதன் பிம்பமும் கேமராவின் சென்சார்மீது, அதாவது ஒளியை வாங்கிப் பதிவுசெய்யும் தகட்டின்மீது, விழுமாறு எடுப்பதாகும். 6 மி.மீ. நீளமுள்ள அரிசிமணியின் பிம்பம் சென்சாரிலும் 6 மி.மீ. இருக்குமாயின் அதனை ஒன்றுக்கு ஒன்று என்பர். பெரும்பாலோர் வைத்திருக்கும் ஏ.பி.எஸ்.-சி வகைச் சென்சாரின் அகலம் 22 முதல் 24 மி.மீ. வரை என்பதால், அவ்வரிசிமணி படத்தின் கால்பகுதியை அடைத்துக்கொள்ளும். கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸ், எவ்வளவு நெருங்கினாலும், உண்மை அளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்வரைதான் தரும். ஜூம் லென்ஸ்கள் பலவற்றின் கழுத்தில் ‘மேக்ரோ’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். அவையும் பெரும்பாலும் கால் பங்கோடு நின்றுவிடுபவையே. அச்சொல்லைப் பொறிக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

ஒன்றுக்கு ஒன்று தருவதற்கென்றே வடிக்கப்பட்ட லென்ஸ்களும் உண்டு. அவற்றின் விலை பல ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிச் செல்லும். அவ்விலையைப் பார்த்தபின் வாசகர் என்ன செய்வார் என்பதை வாசகருக்கே விளக்குவது முறையன்று.

முதல் வழி, இருக்கின்ற லென்ஸைத் திருப்பி மாட்டுவது. சாதாரண லென்ஸ், முன்னாலுள்ள பெரிய உலகத்தைப் பின்னாலுள்ள சிறிய சென்சாருக்குள் சுருக்கிக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதனை முன்பின்னாக மாட்டினால், முன்னாலுள்ள சிறிய பொருள் பெருகிப் பின்னால் விழும். இதற்குத் தேவைப்படுவது ரிவர்ஸ் ரிங் எனப்படும் வளையம். அதன் ஒரு புறம் கேமராவின் வாயில் பொருந்த, மறுபுறம் லென்ஸின் முன்முகத்தில் பில்டர் மாட்டுவதற்காக உள்ள மரையில் திருகப்படும். விலை சில நூறு ரூபாய். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். கிட் லென்ஸை 18 மி.மீ. நிலையில் வைத்துத் திருப்பினாலோ மூன்று மடங்குக்கு மேல் பெருகும். பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையில் மிஞ்சுவது ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். ஏனெனில், லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் சென்சாருக்கும் இடையே இன்ன தொலைவு இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் 44 மி.மீ. என்றும் 46.5 மி.மீ. என்றும் வகுத்து வைத்திருக்க, திருப்பி மாட்டியபின் ஏறக்குறைய அந்தத் தொலைவில், சென்சார் இருக்க வேண்டிய இடத்தில், பூச்சி உட்கார்ந்திருக்கிறது.

லென்ஸும் கேமராவும் செய்தி பரிமாறிக்கொள்வதற்கென்று லென்ஸின் பின்புறத்தில் பொன்முலாம் பூசிய முனைகள் உண்டு. திருப்பி மாட்டியதும் அவை அனைத்தும் பூச்சியை நோக்கித் திரும்பிவிடுவதால், லென்ஸ் தன் நிலையைக் கேமராவுக்கு அறிவிக்காமல் தட்டானுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். தானாகக் குவியம் பிடிப்பது நின்றுபோகும். அபர்ச்சர், அதாவது ஒளி புகும் துளையின் அகலம், மாற்ற முடியாததாகும். ஒரு வகை லென்ஸில், கழற்றிய உடனே அத்துளை முழுதாகத் திறந்துகொள்ளும். இன்னொரு வகையில் முழுதாகச் சுருங்கிக்கொள்ளும். திறந்துகொள்ளும் வகைக்கு உரிய பரிகாரம், கேமரா இயங்கிக்கொண்டிருக்கும்போதே எஃப்/8 என்று வைத்து, துளையை முன்னோட்டம் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, எஞ்சியிருக்கும் கைகளால் லென்ஸைக் கழற்றுவதாகும். சுருங்கிக்கொள்ளும் வகைக்கு உரிய பரிகாரம், பின்புறத்திலுள்ள சிறு நெம்புகோலுக்கு அருகே தீக்குச்சியின் துண்டைச் செருகுவதாகும். பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள ஒளியியல் கருவியொன்றின் துல்லியம் கடைசியில் ஒரு தீக்குச்சியின் பருமனைச் சார்ந்து நிற்பதைக் குறித்து அறிவுரை நூல்கள் மௌனம் சாதிக்கின்றன.

மரையின் விட்டம் குறித்து அவை சாதிக்கும் மௌனம் இன்னும் பெரிது. 1990-இல் வெளிவந்து கால் நூற்றாண்டுக் காலம் விற்பனையில் இருந்த மலிவான 50 மி.மீ. லென்ஸ் ஒன்றின் மரை 52 மி.மீ.; 2015-இல் அதற்கு வாரிசாக வந்த லென்ஸின் மரை 49 மி.மீ. பழையதற்கு வாங்கிய வளையம் புதியதற்குப் பொருந்தாது. மூன்று மில்லிமீட்டரைச் சரிக்கட்டுவதற்கு ஸ்டெப்-அப் ரிங் என்னும் இடைவளையம் விற்கப்படுகிறது. அது தனியாகக் கிடைப்பதைவிடத் தொகுப்பாகக் கிடைப்பது எளிது; தொகுப்பில் ஒன்று பயன்படும், மற்றவை இழுப்பறையில் ஒன்றையொன்று இறுகக் கவ்விக்கொண்டு, பிரிக்க முடியாத கூட்டுக்குடும்பமாக வாழும். இதனை எழுதுபவரின் இழுப்பறை குறித்து இங்கே எதுவும் கூறப்படவில்லை.

இரண்டாம் வழி எக்ஸ்டென்ஷன் டியூப். இது லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே செருகப்படும் குழாய். உள்ளே எதுவும் கிடையாது. லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளிப்போகப் போக அதனால் நெருங்கிப் பார்க்க முடியும் என்பது விதி. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் எவ்வளவு பெருக்கம் கூடுகிறது என்பது கிடைத்துவிடும். மலிவான தொகுப்பில் 7, 14, 28 மி.மீ. என்று மூன்று குழாய்கள் வரும். மூன்றையும் அடுக்கினால் 49. ஆகவே 50 மி.மீ. லென்ஸோடு சேரும்போது ஒன்றுக்கு ஒன்று நெருங்கிவிடுகிறது. மின்முனைகள் இல்லாத குழாய் மலிவு, உள்ளது பல மடங்கு. எப்படிப் பார்த்தாலும் வாங்குபவர் விலை கொடுப்பது, கண்ணாடி இல்லாத ஓர் இடைவெளிக்கு. இதையறிந்த சிக்கனக்காரர் காற்றுக்குக் காசா என்று வெகுண்டு, ஹார்டுவேர் கடைக்குப் போய் பி.வி.சி. குழாய் அறுத்து வாங்கி, அதன் இரு முனைகளிலும் ஒட்டுவதற்குக் கேமராவின் மூடி ஒன்றையும் லென்ஸின் மூடி ஒன்றையும் நடுவில் துளைத்து, பசையும் உப்புத்தாளும் கறுப்புப் பெயின்டும் வாங்கி, பின்பு மூடிகள் இல்லாமல் போன கேமராவுக்கும் லென்ஸுக்கும் புதிய மூடிகள் வாங்குவார்.

மூன்றாம் வழியான க்ளோசப் பில்டர், லென்ஸின் முகத்தில் திருகப்படும் பூதக்கண்ணாடி. கூட்டல் 1, 2, 4, 10 என்று நான்காகக் கட்டி விற்பார்கள். 10-ஐத் தவிர மற்றதை யாரும் மாட்டுவதில்லை. 10-ஐ மாட்டினால் படத்தின் ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையும் கசியும். இதைப் பற்றிக் கூற வேறு இல்லை.

இம்மூன்றில் எதைக் கொண்டானாலும் பூச்சி பெரிதாகத் தெரியத் தொடங்கிவிடுகிறது. சிக்கன வழிகாட்டிகள் இந்த இடத்தில் வாழ்த்துக் கூறி முடித்துக்கொள்வது வழக்கம். செலவு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒன்றுக்கு ஒன்று என்னும் நிலையில், எஃப்/8 துளையில், கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சிலந்தியின் கண் தெளிவானால் கால் மங்கும், கால் தெளிவானால் அது யாருடைய கால் என்று தெரியாது. ஆழம் வேண்டுமானால் துளையைச் சுருக்க வேண்டும். துளையைச் சுருக்கினால் ஒளி குறையும். லென்ஸ் முன்னே தள்ளப்பட்டதாலேயே ஒளி ஏற்கெனவே நாலில் ஒரு பங்காகி, எஃப்/8 என்று வைத்தது எஃப்/16 போல நடந்துகொள்கிறது. இருட்டில் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கலாம் என்றால், படம் எடுப்பவர் மூச்சு விடுகிறார், காற்று அடிக்கிறது, பூச்சிக்கும் வேலை இருக்கிறது. ஆகவே பிளாஷ் தவிர்க்க முடியாதது. கேமராவின் உச்சியிலுள்ள பிளாஷை எழுப்பினால், நீண்டுபோன லென்ஸின் நிழல் பூச்சியின்மேல் விழுந்து அதை மறைக்கும். தனி பிளாஷை வைத்தாலோ, பூச்சியின் மேலோடு மெருகேற்றியதுபோல் பளபளப்பானது என்பதால், அதில் பிளாஷ் ஒரு வெள்ளைப் புண்ணாகத் தெரியும். சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளி கடினமானது. அதே ஒளியை ஒரு பெரிய வெண்ணிறப் பரப்பின் வழியே வடித்து, அப்பரப்பைப் பூச்சிக்கு மிக அருகில் கொண்டுவந்தால் அது மென்மையாகும். அவ்வாறு வடிக்கும் பரப்புக்கு டிஃப்யூசர் என்று பெயர்.

டிஃப்யூசரைக் கடையில் வாங்கலாம். அவ்வாறு வாங்கியவரை மேக்ரோ உலகம் மதிப்பதில்லை. அதனைத் தானே செய்ய வேண்டும் என்பதும், வீட்டுப் பொருளிலிருந்தே செய்ய வேண்டும் என்பதும், செய்ததைத் திருப்தியடையாமல் மறுபடி செய்ய வேண்டும் என்பதும் எழுதப்படாத விதிகள். இவ்விதிகளின்கீழ் தமிழ்நாட்டில் உருவாகியுள்ள மரபுகளை, ஒன்றையொன்று மறுக்கும் உரையாசிரியர் மரபுகளைப் போலவே, தனித்தனிப் பள்ளிகளாகப் பகுத்துக் காண்பது பொருந்தும்.

இவற்றுள் உலகளாவியது சிப்ஸ் டப்பாப் பள்ளி. உருளைக்கிழங்கு வறுவல் அடைத்துவரும் நீள்குழாய் டப்பாவின் உட்புறம் வெள்ளிப்பூச்சுக் கொண்டிருப்பதால், அதன் ஒரு முனையை பிளாஷில் செருகி மறுமுனையை லென்ஸின் நுனிக்குமேல் வளைத்தால், ஒளி குழாய் வழியே சிந்தாமல் வந்துசேரும். மூலப்பொருள் இலவசம் என்பது இப்பள்ளியின் முதல் கோட்பாடு. டப்பாவுக்குள் இருந்த வறுவலின் விலை உணவுச் செலவில் எழுதப்பட வேண்டியது, கலைச் செலவில் அன்று என்பது இரண்டாம் கோட்பாடு. முதல் டப்பாவை வெட்டும்போது நெளிந்துபோகும் என்பதால் இரண்டாவதும், கோணம் தவறும் என்பதால் மூன்றாவதும் தேவைப்படும். மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னபின் இப்பள்ளியைவிட்டு வெளியேறியோர் உண்டு.

பால்கவர்ப் பள்ளி, மண்ணின் மரபு. பால் உறை வெண்ணிறமாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் நாள்தோறும் வாசலுக்கே வந்து சேர்வதாகவும் இருப்பதால், அதனை வெட்டி, கழுவி, விரித்து, ரப்பர் பேண்டு போட்டு பிளாஷில் கட்டுவது எளிது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டபோது தெர்மாகோல் தட்டும் கோப்பையும் தடைப்பட்டியலில் சேர்ந்ததையும், பால் உறைக்கு விலக்கு அளிக்கப்பட்டதையும் இப்பள்ளியார் தங்கள் கொள்கைக்குக் கிடைத்த அரசு அங்கீகாரமாகவே கருதுகின்றனர். இவர்களுக்குள்ள இடர், உறையில் அச்சிட்ட வண்ணம். ஆவின் உறையில் நீலமும் ஆரஞ்சும் பாலின் கொழுப்பைக் காட்டுவன. டிஃப்யூசரான பின்பும் அவை அப்பணியைத் தொடர்ந்து, பூச்சியின் முதுகில் தம் சாயலைக் காட்டும். நீலம் பட்ட வண்டு குளிரில் விறைத்ததுபோலத் தோன்றும். ஆரஞ்சு பட்டதற்குக் காமாலை. வண்ணம் படாத வெண்பகுதி ஓர் உறையில் மிகச் சிறிதே என்பதால், அப்பகுதிகளை மட்டும் கத்தரித்து ஒட்டுத்தையல் போடுவோர் தூய்மைவாதிகள் எனப்படுவர். பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தால் காசாகியிருக்கும் உறைகளைக் கத்தரித்து வீணாக்குவதைப் பற்றி வீட்டில் எழும் வினாவுக்கு இவர்களிடம் விடை இல்லை.

தெர்மாகோல் பள்ளி, தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய வீடுகளில் தோன்றியது. பெட்டிக்குள் வந்த தெர்மாகோலைக் கத்தியால் சீவி மெல்லிய தகடாக்குவர். சீவும்போது உதிரும் மணிகள் நிலைமின்னூட்டம் பெற்றுச் சீவுபவரின் முடியிலும் நாற்காலியிலும் கேமராவின் உள்ளும் ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் திருப்பி மாட்டப்பட்டிருந்தால் அதன் திறந்த பின்புறத்துக்குள்ளும் போய்த் தங்கும். தகடு தடித்தால் பிளாஷின் ஒளியில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். இப்பள்ளி அழிந்துவருகிறது.

பட்டர் பேப்பர் பள்ளியோ அழகியல் நாட்டமுடையது. பழைய பாணித் திருமண அழைப்பிதழ்களில் பிள்ளையார் படத்துக்குமேல் போர்த்தப்பட்டிருக்கும் மெல்லிய பாலாடைக் காகிதமே இதன் மூலப்பொருள். ஒன்றல்ல, இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு விரல் இடைவெளி என்பது இப்பள்ளியின் சூத்திரம். இதனால் இதன் பொருள்வரத்து முகூர்த்த மாதங்களைச் சார்ந்திருக்கிறது. ஆனியிலும் ஆவணியிலும் குவியும், ஆடியில் வற்றும், மார்கழியில் அறவே நின்றுபோகும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், பனித்துளி சுமந்த தட்டான்கள் விடியற்குளிரில் அசையாமல் உறைந்து உட்கார்ந்திருப்பது அதே மார்கழியில்தான் என்பதைப் பஞ்சாங்கம் கணித்தவர்கள் கருத்தில் கொள்ளவில்லை. அட்டைகளில் காகிதம் இல்லாத நவீன அழைப்பிதழ்களையும், அதைவிடக் கைப்பேசிக்கு அனுப்பும் காணொலி அழைப்புகளையும் இப்பள்ளியார் பண்பாட்டுச் சீரழிவாகக் காண்பது இயல்பே. இதனை எழுதுபவர் சென்ற ஆண்டு கலந்துகொண்ட திருமணங்களுள் மணமக்களை அறியாதவையும் உண்டு எனில், அதற்குரிய காரணம் ஒளியியலைச் சார்ந்தது.

இட்லித் துணிப் பள்ளியைக் குறிப்பிடாமல் விட்டால் ஆய்வு நிறைவுறாது. பருத்தித்துணி ஒளியை அழகாகப் பரப்பும் என்பது உண்மை. அதிலுள்ள பழுப்புச் சாயல் தோல்வண்ணத்துக்கு இதமானது என்பதும் உண்மை. எட்டுக் கால் உயிரிக்குத் தோல்வண்ணம் எதற்கு என்பதற்கு விடை இல்லை. எத்தனை முறை துவைத்தாலும் போகாத மாவின் புளிப்பு வாடைக்கு எறும்புகள் தாமாகவே வந்து சேர்வதால், படத்துக்குரிய பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது இவர்கள் கூறும் கூடுதல் நன்மை. வருவது முசிறாக இருந்தால் அது கையில் ஏறிக் கடிக்கும். முசிறைப் போலவே செம்பழுப்பு நிறம் பூண்டு, முன்னங்கால்களை உணர்கொம்புகளைப்போலத் தூக்கி ஆட்டியபடி திரியும் குதிக்கும் சிலந்தி ஒன்றும் தென்னிந்தியாவில் உண்டு. கடிபட்டுக்கொண்டே எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிக் கால்களை எண்ணும்போதுதான், எறும்பென்று எடுத்தது சிலந்தி என்பதும், கடித்தது வேறொன்று என்பதும் தெரியவரும். “ஏங்க, வெள்ளைத் துணி கொடியில காயப் போட்டேனே, எங்க?” என்று அடுக்களையிலிருந்து வரும் குரல் இப்பள்ளி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கப்படுவது.

எல்லாப் பள்ளிகளையும் வென்று இன்று நிலைபெற்றிருப்பது தயிர் டப்பாப் பள்ளி. அரைக்கோளத்தை நெருங்கிய வளைவும் வெண்மையும் ஒருங்கே அமைந்த தயிர் டப்பாவின் அடியில் வட்டமாக ஓட்டையிட்டு லென்ஸின் நுனியில் மாட்டினால், அது பூச்சியை ஒரு சிறு மண்டபமாகச் சூழ்ந்து, எல்லாத் திசையிலிருந்தும் ஒளி தரும். மண்டபத்துக்குள் ஓர் ஈ தானாக நுழைந்து அமர்ந்துகொள்வதும் உண்டு. தயிரின் நினைவு டப்பாவை விட்டு எளிதில் நீங்குவதில்லை. கால் கிலோவா, அரைக் கிலோவா என்பதில் இப்பள்ளி இரண்டாகப் பிளந்துள்ளது. அரைக் கிலோப் பிரிவினர் பரப்பின் அகலத்தைச் சுட்டுவர். கால் கிலோப் பிரிவினர், அவ்வளவு பெரிய டப்பா செடிக்குள் நுழையும்போது இலையை இடித்து, இலைமேல் இருந்ததை எழுப்பி அனுப்பிவிடும் என்பர். இருவருமே வீட்டில் தயிர் தீர்வதற்கு முன்பே டப்பாவைக் கோருவதில் ஒன்றுபடுகின்றனர். மீதித் தயிரைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு டப்பாவோடு மாடிக்குப் போன ஒருவரின் குடும்பம் அன்றிரவு வேறு வழியின்றி மோர்க்குழம்பு உண்டது.

இப்பள்ளிகளுக்கிடையே நடக்கும் வழக்குகளுக்குத் தீர்ப்பு எழுதும் இடம், குதிக்கும் சிலந்தியின் கண். அதற்கு எட்டுக் கண்கள்; அவற்றுள் முன்னால் நடுவில் அமைந்த இரண்டும் மிகப் பெரியவை; லென்ஸ் நெருங்கினால் ஓடாமல் திரும்பி நின்று நேராகப் பார்க்கும் பழக்கமும் அதற்கு உண்டு. அப்பெரிய கண்களில் டிஃப்யூசர் அப்படியே பிரதிபலிக்கும். சதுரமாகத் தெரிந்தால் பட்டர் பேப்பர். நடுவில் மடிப்புக் கோடு ஓடினால் பால்கவர். நெளிந்த நீள்வட்டம் சிப்ஸ் டப்பா. முழுநிலவாக இருந்தால் தயிர். தேர்ந்த கண்ணுடையோர் ஒரு படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சிலந்தியின் இனத்தைச் சொல்லாவிட்டாலும், எடுத்தவர் வீட்டில் காலைக்கு என்ன வாங்குகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுவர். பாராட்டுகளும் அதற்கேற்ப அமையும்; சிலந்தி நன்றாக வந்திருக்கிறது என்று எவரும் கூறுவதில்லை, வெளிச்சம் நன்றாக வடிந்திருக்கிறது, எந்த டப்பா என்றே கேட்பர். இப்படத்துக்காகச் செம்மண்ணில் குப்புறப் படுத்தவர் சட்டையில் படிந்த கறைக்கு ஆன சோப்புச் செலவை எந்த வழிகாட்டியும் கணக்கில் சேர்த்ததில்லை; அண்மைய வழிகாட்டி, பழைய சட்டை அணிந்து செல்லுமாறு கூறி நிறுத்திக்கொண்டது. பழைய சட்டைக்கும் ஒரு காலத்தில் விலை கொடுக்கப்பட்டது.

சிறியவற்றை அருகிருந்து பார்க்க விரும்பியவர் எவரும் பிறர் பொருளைத் தொடாமல் பார்த்ததில்லை என்பதற்கு வரலாற்றுச் சான்றுகளும் உண்டு. 1665-இல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ நூலுக்காக ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியின் கீழ் எறும்பை வரைய முற்பட்டபோது, அது ஒரு நொடியும் நிற்கவில்லை. ஆகவே அவர் அதனைப் பிராந்தியில் ஆழ்த்தினார். அது மயங்கி ஒரு மணி நேரத்துக்குமேல் கிடந்து, வரையப்பட்டபின், திடீரென எழுந்து ஓடிவிட்டது. இன்று பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து எடுப்போர் இருக்கிறார்கள். அது பூச்சிக்குச் செய்யும் கொடுமை என்று கண்டிக்கப்படுவதும் நியாயமே. ஹூக்கின் எறும்பாவது போதையோடு வீடு திரும்பியது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் ஊரில் பால்மாடு வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்த வில்சன் பென்ட்லி, 1885-இல் பனிப்படிகத்தை நுண்ணோக்கி வழியே படம்பிடித்தார். பிற்காலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பனிப்படிகங்களை எடுத்தார். தூய காற்று, இலவசப் பனி, வீட்டுக் கொட்டகை என்று சிக்கனக்காரருக்கு வேண்டிய அனைத்தும் அவரிடம் இருந்தன. ஆயினும் கேமராவும் நுண்ணோக்கியும் அக்காலத்தில் நூறு டாலர். விவசாயியான தந்தைக்கு அது பெருந்தொகை. தாய் எடுத்துச் சொல்லித்தான் தந்தை பணம் கொடுத்தார். பென்ட்லியைப் பற்றி எழுதுவோர் பனிப்படிகத்தின் ஆறு கரங்களைப் பற்றி விரிவாக எழுதுகிறார்கள். அந்தத் தாய் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்பதே சிக்கன மேக்ரோ எடுப்போருக்குப் பயன்படக்கூடிய ஒரே தொழில்நுட்பம். அதனை யாரும் விரிவாக எழுதவில்லை.

மூன்று வழிகளுள் மலிவானது எது என்னும் கணக்கைத் தர வேண்டிய இடம் இதுதான். அக்கணக்கில் முதலில் எழுத வேண்டியது பாட்டரியாக இருப்பதால் அதனை மட்டும் தெளிவுபடுத்திவிட்டுத் தொடரலாம். தனி பிளாஷுக்கு நான்கு பென்டார்ச் செல் வேண்டும். பிளாஷ் ஒவ்வொரு முறையும் பெருமின்னோட்டத்தை ஒரே இழுப்பில் இழுப்பதால், செல் சற்றே தளர்ந்தாலும் அடுத்த மின்னலுக்கு நெடுநேரம் காத்திருக்கச் செய்யும். அதற்குள் தட்டான் போய்விடும். ஆனால் பிளாஷுக்கு உதவாது என்று கைவிடப்பட்ட அதே செல், மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சுவர்க் கடிகாரத்தில் மேலும் சில காலம் உழைக்கும் என்பது மின்னியல் உண்மை. ஆகவே கடிகாரத்துக்கென்று வாங்கி வைத்த புதிய செல்லை பிளாஷுக்கும், பிளாஷ் தள்ளிய செல்லைக் கடிகாரத்துக்கும் மாற்றிக்கொள்வதில் யாருக்கும் இழப்பில்லை என்று கருதப்பட்டது. அக்கடிகாரம் ஒரு கட்டத்தில் மெல்லப் பின்தங்கத் தொடங்கியிருக்கிறது. அதனை நம்பிக் கிளம்பிய குடும்பம் இந்த வாரம் ஒரு முகூர்த்தத்துக்குத் தாலி கட்டி முடிந்தபின் போய்ச் சேர்ந்து, பந்தியிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாயசம் தீர்ந்துபோன செய்தியைக் கேட்டுத் திரும்பி வந்து, அன்று முதல் சிலரிடம் பேசுவதை நிறுத்தியிருக்கிறது. அழைப்பிதழில் பட்டர் பேப்பர் இரண்டு தாள் இருந்தன.